கடலைப் படித்த கொழும்புப் பெண்



சென்ற மாதம் ஒரு நாள். அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெமட்டகொடை ஒழுங்கையில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் சகோதரி வந்து வாசலில் நின்றார். முகத்தில் கவலை.

"ராத்தா, எங்கட மகள் சாதாரண தரம் நல்லாப் பாஸ் பண்ணினது உங்களுக்குத் தெரியும்தானே. உயர்தரத்துக்கு உயிரியல் எடுக்கப் போறாவாம். சரி, டொக்டருக்குப் படிக்கவா எண்டு கேட்டா, இல்லையாம். கடலப் பத்திப் படிக்கணுமாம்! வாப்பா சிரிக்கிறார். மாமிமார் எல்லாம் 'மீன் விக்கவா போற?' எண்டு கேக்குறாங்க. இந்தப் புள்ளக்கி நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்களே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு அனுப்புங்க, பேசிப் பாக்குறன்" என்றேன்.

மறுநாள் பிள்ளை வந்தாள். "ஏன் மகள் கடலைப் பற்றிப் படிக்க வேண்டும்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடியே சொன்னாள்:

"மழ பேஞ்சா நம்மட கால்வாயில சொப்பிங் பேக்கும் போத்தலும் மிதந்து போகுதே பெரியம்மா. சின்ன வயசுல உம்மாக்கிட்ட அது எங்க போற எண்டு கேட்டன். கடலுக்கு எண்டாங்க. கடலுக்குப் போனா அங்க என்னா நடக்கிற எண்டு கேட்டன். அதுக்கு ஒருத்தரும் இன்னம் பதில் சொல்லல்ல."

என்னிடமும் சரியான பதில் இருக்கவில்லை. ஆனால் அவளுக்குச் சொல்ல ஒரு பெண்ணின் வரலாறு இருந்தது. அவளும் நமது கொழும்பில் பிறந்தவள்தான். அன்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னதையே இம்மாதம் உங்களுக்கும் சொல்கிறேன். உயர்தரத்துக்குப் போகும் மகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பழைய சஞ்சிகைகளில் பிறந்த ஆசை

அவரது பெயர் ஆஷா டி வொஸ். 1979ஆம் ஆண்டு பிறந்தவர். கொழும்பு லேடீஸ் கொலிஜில் படித்தார். அவர் சிறுமியாக இருந்தபோது, யாரோ வாசித்துவிட்டுப் போட்ட பழைய 'நெஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகைகளைப் பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பக்கம் பக்கமாகப் படம் பார்ப்பார். யாரும் போகாத இடத்துக்குப் போய், யாரும் காணாததைக் காண வேண்டும் என்ற ஆசை அந்தப் பழைய தாள்களில்தான் அவருக்குப் பிறந்தது.

நமது நாட்டில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டொக்டர், இஞ்சினியர், சட்டத்தரணி, கணக்காளர்... இவற்றுக்கு வெளியே ஒரு கதவு இருப்பதாக நாம் நினைப்பதில்லை. தீவில் வாழ்கிறோம், நான்கு பக்கமும் கடல். ஆயினும் கடலைப் படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் நமக்கு அது வேடிக்கையாக இருக்கிறது! ஆஷாவைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள். பெற்றோர் சிரிக்கவில்லை. விரும்புவதைச் செய், விரும்பிச் செய்தால் நன்றாகச் செய்வாய் என்பதே அவர்கள் மகளுக்குக் கொடுத்த தைரியம். இதை அவரே பல மேடைகளில் நன்றியோடு நினைவு கூர்ந்திருக்கிறார்.

ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படித்தார். ஒக்ஸ்போர்டில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பின்னர் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். கடலில் வாழும் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் இந்தப் பெண்தான்.

பட்டங்களைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். அவரது வாழ்க்கையைத் திருப்பிய நாள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வரவில்லை. நமது கடலில்தான் வந்தது.

கடலில் கண்ட சிவப்பு

2003ஆம் ஆண்டு. 'ஒடிசி' என்ற ஆராய்ச்சிக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றித் திமிங்கிலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தது. அது மாலைதீவுப் பக்கமும் இலங்கைப் பக்கமும் வருவதை அறிந்த ஆஷா, தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி கப்பல்காரர்களுக்கு விடாமல் எழுதினார். ஒரு முறை எழுதிப் பதில் வரவில்லையென்று ஓய்ந்துவிடவில்லை. கடைசியில் இடம் கிடைத்தது. கிடைத்த சின்னச் சின்ன வேலைகளையெல்லாம் செய்துகொண்டே கப்பலில் இருந்தார்.

ஒரு நாள், இலங்கைக்கு அண்மையில், ஒரே இடத்தில் ஆறு நீலத் திமிங்கிலங்களைக் கண்டார்கள். அவற்றின் அருகே நீரில் செக்கச் சிவப்பாக ஏதோ மிதந்தது. என்னவென்று நினைக்கிறீர்கள்? திமிங்கிலத்தின் மலம்!

"சீ!" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள் சகோதரி. கைக்குழந்தையின் துணியைப் பார்த்தே பிள்ளைக்கு வயிறு சரியா, பால் செரித்ததா என்று சொல்லிவிடும் கெட்டிக்காரிகள் அல்லவா நாம்? அந்த விஞ்ஞானப் பெண்ணும் அதையேதான் செய்தார்.

அதுவரை புத்தகங்களில் இருந்தது என்ன? பெரிய திமிங்கிலங்கள் துருவப் பக்கத்துக் குளிர்க் கடலில் போய் இரை தின்னும். குட்டி ஈனுவதற்கும் இணை சேருவதற்கும் மட்டும் நமது பக்கத்து வெப்பக் கடலுக்கு வரும். இதுதான் பாடம். ஆனால் வயிற்றில் இரை போனால்தானே மலம் வரும்? அப்படியென்றால் இவை இங்கேயே தின்கின்றன! புத்தகம் சொன்னது நமது கடலுக்குப் பொருந்தவில்லை.

அந்த ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு, 2008இல் இலங்கை நீலத் திமிங்கில ஆய்வுத் திட்டத்தை ஆரம்பித்தார். வட இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலங்களைப் பற்றிய முதலாவது நீண்டகால ஆய்வு அது. இந்தச் சமுத்திரத்தின் நீலத் திமிங்கிலங்கள் மற்றக் கூட்டங்களைப் போலத் துருவக் குளிரைத் தேடிப் போவதில்லை, இந்த வெப்பக் கடல்களிலேயே உண்டு வாழ்கின்றன என்பது இன்று உலகம் அறிந்த உண்மை.

நமது குசினிக் கூனியும் திமிங்கிலமும்

யூனுஸ் நபியின் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லாத உம்மா நம்மில் உண்டா? கடலில் ஒரு பெரிய உயிர் இருக்கிறது என்ற நினைப்பு நமது பிள்ளைகளுக்கு முதலில் உம்மாவின் மடியில்தான் வருகிறது. அந்த மடியிலிருந்தே இன்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கலாம்.

பேச்சு வழக்கில் நாம் திமிங்கிலத்தையும் மீன் என்றே சொல்லிவிடுகிறோம். விஞ்ஞானத்தில் அது மீனல்ல. நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுகிறது. அதற்காகவே மேலே வருகிறது. குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. உலகில் வாழும் உயிர்களிலெல்லாம் பெரியது நீலத் திமிங்கிலம்தான். நமது பக்கத்தில் உள்ளவை சற்றுச் சிறிய இனம். சிறியது என்றாலும் இரண்டு இ.போ.ச. பஸ் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம் வரும்!

இவ்வளவு பெரிய உடம்பு எதைத் தின்கிறது என்றால் நம்புவீர்களா? விரல் நீளம்கூட இல்லாத சின்ன உயிர்களை. வாயில் பல்லுக்குப் பதிலாகச் சல்லடை போன்ற தகடுகள் உண்டு. வாய் நிறைய நீரை அள்ளி, நாம் அரிசி களைந்து நீரை வடிப்பது போல வடித்துவிட்டு, எஞ்சியதை விழுங்குகிறது. மற்றக் கடல்களில் அந்த இரை 'கிரில்' எனப்படும் சிற்றுயிர். நமது கடலில் என்ன? ஆஷாவும் உடன் ஆய்வாளர்களும் திமிங்கில மலத்தை எடுத்து மரபணுச் சோதனை செய்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். இங்குள்ளவை பெரும்பாலும் ஒரு வகைச் சின்ன இறாலையே தின்கின்றன. எந்தக் குடும்பத்து இறால் தெரியுமா? நாம் சம்பலுக்கு வறுக்கிறோமே கூனி, அதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்!

இனி, அந்த மலத்தினால் என்ன பயன் என்று பாருங்கள். திமிங்கிலம் ஆழத்தில் தின்றுவிட்டு, மேலே வந்து கழிக்கிறது. அதில் இரும்புச் சத்தும் நைதரசனும் இருக்கின்றன. கீரைப் பாத்திக்கு எரு போடுவது போல அது கடலின் மேற்பரப்புக்கு எருவாகிறது. அந்த எருவில் கண்ணுக்குத் தெரியாத நுண் தாவரங்கள் செழிக்கின்றன. பூமியில் உண்டாகும் ஒட்சிசனில் ஏறத்தாழப் பாதியை உண்டாக்குபவை கடலில் உள்ள இத்தகைய நுண்ணுயிர்கள்தான். அவற்றைத் தின்று சிற்றுயிர், சிற்றுயிரைத் தின்று சிறு மீன், சிறு மீனைத் தின்று பெரு மீன்... கடைசியில் தெமட்டகொடைச் சந்தியில் நாம் விலை பேசி வாங்கும் கெளவல்லா மீனும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான்.

ஒரு குட்டிக்கு எத்தனை நாள்!

தாய்மாராகிய நமக்கு இன்னொரு செய்தி. நீலத் திமிங்கிலம் ஏறத்தாழ ஒரு வருடம் குட்டியைச் சுமக்கிறது. பிறக்கும் குட்டி ஏழு மீற்றர் நீளம். நாளொன்றுக்குச் சுமார் 200 லீற்றர் பால் குடிக்கும். ஆறேழு மாதம் பால் கொடுத்து வளர்க்கிறாள் தாய். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டிதான்.

ஆகவே ஒன்று செத்தால் அந்த இடம் சீக்கிரம் நிரம்பாது. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் சட்டத்துக்கு மாறாக இந்த வட இந்து சமுத்திரத்தில் ஏறத்தாழ 1,300 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. 1979இல், அதாவது ஆஷா பிறந்த அதே வருடத்தில், சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. 1986 முதல் வர்த்தகத்துக்காகத் திமிங்கிலம் வேட்டையாடுவதை உலகம் முழுவதும் இடைநிறுத்தியது. சில நாடுகள் அதற்குக் கட்டுப்படவில்லை என்றாலும், நமது கடலில் ஈட்டி ஓய்ந்தது.

ஈட்டி ஓய்ந்தாலும் ஆபத்து ஓயவில்லை. அது வேறு உருவத்தில் வந்தது.

கப்பல் போகும் வழியில்

மாத்தறைக்கு அப்பால் தெவிநுவர என்ற ஊர் இலங்கையின் தென்கோடி. அங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் திடீரென்று ஆழமாகிவிடும். அந்த ஆழத்தின் விளிம்பில் இரை சேருகிறது. இரையைத் தேடித் திமிங்கிலம் சேருகிறது. அதே இடத்தில்தான் கிழக்கு நாடுகளையும் மேற்கு நாடுகளையும் இணைக்கும் பெருங் கப்பற்பாதை போகிறது. உலகிலேயே நெரிசல் மிக்க பாதைகளுள் அதுவும் ஒன்று. நாம் பாவிக்கும் சாமான்களில் எத்தனையோ அந்த வழியாகத்தான் வருகின்றன.

நமது பேஸ்லைன் வீதியைக் கடக்கும் கஷ்டம் நமக்குத் தெரியும். அந்த வீதியின் நடுவில் ஒருவர் சோறு தின்ன உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? திமிங்கிலத்தின் நிலை அதுதான். மூச்சுக்காக மேலே வரும்போது கப்பல் மோதுகிறது. முந்நூறு மீற்றர் நீளமான கப்பலை நினைத்தவுடன் நிறுத்த முடியாது. மோதியதே சில வேளை மாலுமிகளுக்குத் தெரியாது. 2012 மார்ச் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முகப்பில், செத்த நீலத் திமிங்கிலம் ஒன்று மடிந்து தொங்கியபடியே வந்து சேர்ந்தது. நடுக்கடலில் செத்து மூழ்கியவை எத்தனையோ!

இந்த அநியாயத்தை உலகத்தின் காதில் போட்டவர்களில் ஆஷா முக்கியமானவர். மேடைகளில் பேசினார். ஆய்வுக் கட்டுரைகளில் எழுதினார். அவர் மட்டுமல்ல, ருஹுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு விலங்குநல அமைப்புகளும் கடலில் எண்ணிக்கை எடுத்து, கப்பற்பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினால் மோதும் அபாயம் பெருமளவு குறையும் என்று காட்டினார்கள். கிலோமீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 28. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம் ஒன்று 2022இல் தனது கப்பல்களை அப்படித் தெற்கே திருப்பியது. அது சட்டம் கட்டாயப்படுத்திச் செய்ததல்ல, தானாகவே செய்தது. எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவான விதியாக அது அமைய வேண்டும் என்பதே கடலை நேசிப்போரின் கோரிக்கை.

கரை ஒதுங்கிய வெள்ளை மணிகள்

2021 மே மாதத்தை நாம் மறந்திருக்க முடியாது. கொரோனாவினால் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோம். கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பிடித்து எரிந்தது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. இவை பிளாஸ்டிக் சாமான் செய்வதற்கான மூலப்பொருள். ஜவ்வரிசி போன்ற சின்ன வெள்ளை மணிகள். நீர்கொழும்புப் பக்கத்துக் கடற்கரைகளில் பனி கொட்டியது போலக் குவிந்து கிடந்ததைப் படங்களில் பார்த்தோம். கடலாமைகள் செத்துக் கரை ஒதுங்கின. மீன்பிடி நின்றது. மீன் வாங்கப் பயந்து நாமும் எத்தனை நாள் பருப்போடும் முட்டையோடும் கழித்தோம்!

அப்போதும் ஆஷா கரைக்குப் போனார். அவரும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து அந்த மணிகளை ஆராய்ந்து அதே வருடம் முடிவை வெளியிட்டார்கள். எரியாத வெள்ளை மணிகளோடு, தீயில் வெந்து உருகிய பிளாஸ்டிக்கும் கரையில் கிடந்தது. கல்லைப் போல, பொடியைப் போல இருந்ததால் அதைக் கண்ணால் கண்டு பொறுக்குவது கஷ்டம். இரசாயனக் கலவையும் சிக்கலானது. நெருப்பு சாதாரண பிளாஸ்டிக்கை வேறொரு கஷ்டமான பொருளாக்கிவிட்டது என்பதை அந்த ஆய்வு எடுத்துக் காட்டியது.

2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒன்று யோசியுங்கள் சகோதரி. கடல் கெட்டது என்று வாயால் சொன்னால் எந்த நீதிமன்றம் ஏற்கும்? எவ்வளவு கெட்டது, எதனால் கெட்டது, எத்தனை காலத்துக்குக் கெட்டது என்று அளந்து எழுத ஆள் வேண்டும். கடலைப் படித்தவர் நாட்டில் இல்லாவிட்டால் கடலுக்காக வழக்குப் பேசவும் முடியாது.

வந்து போகிறவர்களும் இங்கேயே இருப்பவர்களும்

ஆஷா டி வொஸ் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பணக்கார நாட்டு விஞ்ஞானிகள் நமது கடலுக்கு வருகிறார்கள், மாதிரி எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஆய்வு அவர்களுடையது, பெயர் அவர்களுடையது. அவர்கள் போன பின் கடலைப் பார்த்துக்கொள்ள இங்கே பயிற்சி பெற்றவர் இல்லை. பரசூட்டில் குதித்து விட்டுப் போவது போன்ற இந்த விஞ்ஞானம் குடியேற்றக் காலத்துப் பழக்கத்தின் மிச்சம் என்று 2020இல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' சஞ்சிகையில் துணிந்து எழுதினார். உலகக் கடற்கரைகளில் பெரும் பகுதி நம்மைப் போன்ற வளர்முக நாடுகளில்தான் இருக்கிறது. கரையில் வாழ்கிறவரை ஒதுக்கிவிட்டுக் கடலைக் காப்பாற்ற முடியாது என்பது அவரது வாதம்.

எழுதியதோடு நிற்கவில்லை. 2017இல் 'ஓஷன்ஸ்வெல்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். கடல் ஆய்வுக்கும் கல்விக்குமென இலங்கையில் உருவான முதல் நிறுவனம் அது. நமது நாட்டு இளம் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி. 2018இல் பீ.பீ.சீ. நிறுவனம் உலகில் செல்வாக்குள்ள 100 பெண்களைத் தெரிவு செய்தபோது அதில் இவர் பெயரும் இருந்தது.

வெளிநாட்டில் பட்டமும் பேரும் பெற்றவர், அங்கேயே இருந்திருக்கலாம். தனது கேள்வி பிறந்த கடலுக்கே திரும்பி வந்தார்.

நமது பிள்ளைகளுக்கு வழி உண்டா?

"அவங்களுக்கு வசதி இருந்திச்சி, ஒக்ஸ்போட் போனாங்க. நாங்க எங்க போற?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். எல்லா வாப்பாமாராலும் மகளைச் சீமைக்கு அனுப்ப முடியாது.

ஆனால் வழி நமது நாட்டிலேயே இருக்கிறது. மாத்தறையில் ருஹுணுப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலுக்கும் சமுத்திர விஞ்ஞானத்துக்குமென்றே ஒரு பீடம் உண்டு. தெமட்டகொடையிலிருந்து முகத்துவாரம் எவ்வளவு தூரம்? அங்கே காக்கைத்தீவில் சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நீரியல் வளங்களை ஆராயும் அரச நிறுவனமான 'நாரா'வும் அங்கேதான். பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருப்பதை நாம் அறியாமல் இருக்கிறோம்.

"பொம்புளப் புள்ள படகுல போறதா?" இதுவும் உம்மாமார் மனதில் இருக்கும் கேள்வி. அதையும் மறைக்க வேண்டாம். கடல் ஆய்வு என்றால் முழுவதும் படகு அல்ல. மரபணுச் சோதனை ஆய்வுகூடத்தில் நடக்கிறது. ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அதன் முதுகுத் துடுப்பு, தோலின் புள்ளி, வால் ஆகியவற்றைப் படத்தில் ஒப்பிட்டு அடையாளம் காண்பது மேசையில் இருந்து செய்யும் வேலை. நீரின் தரம் பார்க்க வேண்டும், மீனில் நஞ்சு உண்டா என்று பார்க்க வேண்டும், சட்டம் வரைய வேண்டும், பாடசாலையில் படிப்பிக்க வேண்டும். இத்தனையும் கடற்கல்விதான்.

இலேசான தொழில் என்று நான் சொல்லவில்லை. வேலை வாய்ப்புக் குறைவு. ஆய்வுக்குப் பணம் தேடி அலைய வேண்டும். டொக்டருக்குக் கிடைக்கும் மரியாதை ஆரம்பத்தில் கிடைக்காது. இவற்றையும் பிள்ளைக்குச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் கஷ்டத்தைச் சொல்வது வேறு, சிரிப்பது வேறு. கஷ்டத்தைச் சொன்னால் பிள்ளை யோசிக்கும். சிரித்தால் அதன்பின் நம்மிடம் வாயே திறக்காது.

கால்வாய்க் கேள்விக்கு விடை

அன்று அந்தப் பிள்ளையின் கேள்விக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விடை கண்டோம். கொழும்பின் கால்வாய் நீர் களனி கங்கையையும் கடலையும் நோக்கியே போகிறது. அதில் போகும் சொப்பிங் பேக் கடலில் கரைந்து மறைந்துவிடுவதில்லை. வெயிலிலும் அலையிலும் துண்டு துண்டாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத துகளாகிறது. தீனி என்று நினைத்து ஆமை விழுங்குகிறது, மீன் விழுங்குகிறது. நாம் எறிந்தது நமது சட்டிக்கே திரும்பி வரவும் கூடும்.

ஆகவே திமிங்கிலத்தைப் பார்க்க மிரிஸ்ஸவுக்குப் போக முடியாவிட்டாலும், அதற்கு உதவ நம்மால் முடியும். சந்தைக்குப் போகும்போது பழைய சாரியில் தைத்த பை ஒன்றைக் கையில் எடுங்கள். குப்பையைக் கால்வாயில் கொட்டும் பழக்கம் ஒழுங்கையில் இருந்தால், அதைப் பெண்கள்தான் பேசி நிறுத்த வேண்டும். வீட்டுக் குப்பை நமது கையைத் தாண்டித்தானே வெளியே போகிறது?

அந்தச் சகோதரி மறுவாரம் மீண்டும் வந்தார். மகள் உயிரியல் பிரிவில் சேர்ந்துவிட்டாளாம். "வாப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டேன். "பாப்பம் எண்டு சொல்றார் ராத்தா. ஆனா இப்ப சிரிக்கிறல்ல" என்றார். பின் சற்று யோசித்துவிட்டு, "ராவைக்கு அவரே மகள்கிட்ட, அந்தத் திமிங்கிலம் கூனியா தின்னும் எண்டு கேட்டாரே!" என்றார். இருவரும் சிரித்தோம். பல்கலைக்கழகம் போக இன்னும் எத்தனையோ படி இருக்கிறது. ஆனால் பிள்ளையின் கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது.

உங்கள் பிள்ளை எப்போதோ கேட்டு, வேலை அவசரத்தில் நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஏதும் உண்டா? இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அதை நினைவுபடுத்திப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. "தெரியாது மகள், நீ படிச்சி எனக்குச் சொல்லு" என்று சொல்லுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.